இழை அறுந்தால் இழப்பு யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இணையம் என்றவுடன் திரைப்படமும் கிரிக்கெட்டும் கைப்பேசி விளையாட்டும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு அதுவே காரணம் என்று வீட்டுப் பெரியவர்கள் குறைப்படுவதும் உண்டு. ஆனால் அதே இணையத்தின் வழியாக இன்று ஒரு நோயாளி மருத்துவரைக் காண்கிறார். ஒரு மருத்துவர் பல மைல்களுக்கு அப்பால் எடுக்கப்பட்ட ஸ்கேன் படத்தைத் தம் வீட்டு மேசையிலிருந்தே பார்த்து அறிக்கை எழுதுகிறார். ஒரு பட்டதாரிப் பெண் வெளிநாட்டு மருத்துவமனைகளின் குறிப்பேடுகளைத் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஆராய்ந்து மாத ஊதியம் பெறுகிறாள்.

ஆகவே வீட்டுக்குள் வரும் அந்த மெல்லிய கம்பி வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அன்று. அது ஒரு தொழிற்கருவி. தொழிற்கருவியை அதன் வேகத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. வேண்டிய நேரத்தில் கைவிடாத உறுதியைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அந்த உறுதிக்கான செலவையும் பொறுப்பையும் வேலை செய்பவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. இவ்விரு கருத்துகளையும் நம் திருவள்ளூர் மாவட்டத்தை, சிறப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

தொலைவிலிருந்து மருத்துவம்

தொலை மருத்துவம் நமக்கு நேற்று வந்ததன்று. நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்னும் கிராமம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அக்கிராமத்து மருத்துவமனையின் தொலை மருத்துவ நிலையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் வழியாகப் பெருநகர மருத்துவர்களோடு அக்கிராமம் இணைக்கப்பட்டது. அன்று அது பெரும் செலவுபிடித்த காரியம். மருத்துவமனைக்கே எட்டக்கூடியதாக இருந்ததேயன்றி, வீட்டுக்கு எட்டக்கூடியதாக இல்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் கொரோனாத் தொற்று அந்நிலையைத் தலைகீழாக்கியது. 2020 மார்ச் 25ஆம் நாள் மத்திய அரசு தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் எவரும் காணொளி, தொலைபேசி, எழுத்துச் செய்தி ஆகியவற்றின் வழியாக நோயாளிக்கு ஆலோசனை கூறலாம் என்பதும், எந்தெந்த மருந்துகளை அவ்வாறு எழுதித் தரக் கூடாது என்பதும் அப்போது தெளிவாயின. அடுத்த மாதமே ‘இ-சஞ்சீவனி’ புறநோயாளர் சேவை தொடங்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே அச்சேவையைப் பெரிதும் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கு இது ஈடாகாது. அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆயினும் பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள ஒரு மீனவக் குப்பத்திலிருந்தோ, ஆந்திர எல்லையிலுள்ள ஆரம்பாக்கத்திலிருந்தோ சர்க்கரை நோய்க்கு மருந்தின் அளவைக் கேட்டறிய ஒரு முதியவர் இரண்டு பேருந்து மாறி ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டியதில்லை என்றால், அது சிறிய நன்மையா? எந்த நோய்க்கு உடனே கிளம்ப வேண்டும், எந்த நோய்க்குக் காத்திருக்கலாம் என்று சொல்வதற்கு ஒருவர் இருப்பதே பாதி வைத்தியம் அன்றோ?

தேனி கற்பித்த பாடம்

மருத்துவப் பணிக்கான இணைப்பு எங்கே பழுதாகிறது என்பதை அறிய நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை; தேனி மாவட்டமே போதும். மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004ஆம் ஆண்டு முதல் தேனிப் பகுதிக் கிராமங்களில் சிறு கண் மையங்களை அமைத்தது. கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசி முடிவு கூறுவார். அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவியையே மாற்றியமைத்து, திசைநோக்கிய ஆன்டெனாக்களைப் பொருத்திப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு இணைப்புக் கொடுத்தனர்.

நடைமுறையில் அவர்களை அதிகம் வாட்டியது எது தெரியுமா? வானொலி அலை அன்று, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென ஏறுவதும் தாழ்வதும் கருவிகளைப் பழுதாக்கின என்றும், உள்ளூர்ப் பணியாளர்களே கோளாறு அறிந்து சீர்செய்யப் பழகினால்தான் இணைப்பு நிலைக்கும் என்றும் 2008ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் எழுதினர். வேகத்தை விலைக்கு வாங்கிவிடலாம். உறுதியை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். இதுவே தேனி நமக்குக் கற்பித்த பாடம்.

நம் ஊர்களின் நிலை

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். சென்னை சென்ட்ரலிலிருந்து மின்தொடர் வண்டியில் வருவோர் இறங்கும் கடைசிப் பெரிய நிலையம் கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்தில் எஃகு ஆலைகள் முதல் பலவகைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. தேர்வாய்கண்டிகையில் டயர் தொழிற்சாலை எழுந்திருக்கிறது. கல்கத்தா நெடுஞ்சாலை வாசலிலேயே ஓடுகிறது. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்துவிட்டது. வளர்ச்சிக்குக் குறைவில்லை.

ஆனால் தொழிற்சாலைக்குள் செல்லும் இணைப்பும், அதன் மதில் சுவருக்கு வெளியேயுள்ள தெருவுக்குள் செல்லும் இணைப்பும் ஒன்றல்ல. தொழிற்சாலைக்குத் தனிக் குத்தகைக் கம்பி, பழுதுபார்க்கக் கெடு, மின்தடைக்கு ஜெனரேட்டர் எல்லாம் ஒப்பந்தத்திலேயே உண்டு. தெருவுக்கு வருவதோ, மின்கம்பத்திலிருந்து முருங்கை மரத்துக்கும் அங்கிருந்து மாடிப்படிக் கம்பிக்கும் கட்டித் தொங்கவிடப்பட்ட இழை. உயரமாகச் சரக்கேற்றிய லாரி ஒன்று திரும்பினால் போதும். குழாய் பதிக்க ஒரு ஜே.சி.பி. வந்தால் போதும், தெரு முழுவதும் இணைப்பற்றுப் போகும்.

2002ஆம் ஆண்டிலேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கடலடிக் கம்பி இணைக்கப்பட்டுவிட்டது. கடலைக் கடந்து வந்த ஒளி, கம்பத்திலிருந்து வீடு வரையிலான கடைசி 300 மீட்டரில் தடுமாறுகிறது என்பதுதான் வேடிக்கை, வேதனையும் அதுவே.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் கல்லூரியில் பயிலும் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். தாவரவியலும் விலங்கியலும் உயிர்வேதியியலும் படித்தோருக்கு இன்று சென்னையில் எளிதில் கிடைக்கும் வேலைகளுள் ஒன்று ‘மெடிக்கல் கோடிங்’. அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவர் எழுதிய நோய்க்குறிப்புகளையும் சிகிச்சைகளையும் காப்பீட்டுக்குரிய குறியீடுகளாக மாற்றும் பணி இது. 2015 அக்டோபர் முதல் அந்நாடு பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பின் அடிப்படையில் அமைந்த குறியீடுகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. உடற்கூறும் நோயியலும் அறிந்தவர்கள் இப்பணிக்குத் தேவைப்படுகின்றனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இத்தகைய நிறுவனங்கள் பல தம் ஊழியரை வீட்டிலிருந்தே பணியாற்றச் செய்தன.

பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகத்துக்குக் கவரைப்பேட்டையிலிருந்தோ மாதர்பாக்கத்திலிருந்தோ நாள்தோறும் போய் வருவது எளிதன்று. இரவுப் பணி என்றால் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்குவர். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றால் அந்தத் தயக்கம் நீங்குகிறது. ஆனால் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான விளம்பரங்களில் கல்வித் தகுதியோடு இன்னொரு தகுதியும் கேட்கப்படுகிறது: ‘வீட்டில் நிலையான கம்பிவழி இணைப்பும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இருத்தல் வேண்டும்.’ மதிப்பெண்ணைப் படித்து வாங்கலாம். இந்தத் தகுதியை எந்தத் தேர்வு எழுதி வாங்குவது? தெருவுக்குக் கம்பி வராத ஊரில் பிறந்த குற்றத்துக்காக ஒரு பட்டதாரி வேலையை இழப்பது சரியா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளம்பரங்களில் 100 என்றும் 300 என்றும் எழுதப்படும் எண்கள் மெகாபிட் கணக்கு. நாம் கோப்புகளை அளப்பது மெகாபைட் கணக்கில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டுகள். 400 மெகாபைட் அளவுள்ள ஒரு சி.டி. ஸ்கேன் தொகுப்பு 3,200 மெகாபிட் ஆகும். வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் அது 64 வினாடியில் வந்து சேரும். 2 மெகாபிட் வேகத்தில் 1,600 வினாடி, அதாவது ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும்.

2 மெகாபிட் என்பது நான் கற்பனையாகச் சொன்ன எண் அன்று. 2023 ஜனவரியில் மத்திய அரசு திருத்தி அறிவித்த விளக்கத்தின்படி, இறக்கு வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் இருந்தாலே அது ‘பிராட்பேண்ட்’ ஆகிவிடும். அதற்கு முன் அரை மெகாபிட்டே போதுமானதாக இருந்தது! இதிலும் பெரிய குறை ஒன்றுண்டு. அவ்விளக்கம் ‘டவுன்லோடு’ எனப்படும் இறக்கு வேகத்தை மட்டும் கூறுகிறது. ‘அப்லோடு’ எனப்படும் ஏற்று வேகத்தைக் கூறவில்லை. படம் பார்ப்பவருக்கு இறக்கு வேகம் போதும். நோயாளியோடு முகம் பார்த்துப் பேசும் மருத்துவருக்கும், ஸ்கேன் படத்தை அனுப்பும் நிலையத்துக்கும் ஏற்று வேகமே உயிர். பேச்சு ஒருவழிப் பாதையில் நடக்குமா?

ஆயினும் எல்லா மருத்துவ வேலைக்கும் மிகுந்த வேகம் தேவையில்லை. மாரடைப்பு நோயாளியின் இ.சி.ஜி. வரைபடம் மிகச் சிறிய கோப்பு; குறைந்த வேகத்திலும் நொடியில் சென்றுவிடும். ஆனால் அது செல்ல வேண்டிய நிமிடத்தில் இணைப்பு இருந்தாக வேண்டும். மாதம் முழுதும் 300 மெகாபிட் ஓடி, அந்த ஒரு மணி நேரம் அறுந்து கிடந்தால் அந்த வேகத்தால் யாருக்கு என்ன பயன்?

வீட்டில் செய்யத்தக்கவை

இனி, இத்தகைய பணிக்கு வீட்டில் இணைப்பு அமைப்போர் கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். நாம் வகுப்பில் படிக்கும் பாடங்களே இங்குத் துணைநிற்கின்றன.

ஒளியிழையின் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான் தடிமன் கொண்ட கண்ணாடி. முழு அக எதிரொளிப்பினால் ஒளி அதனுள் கசியாமல் ஓடுகிறது. இழையைக் கூர்மையாக மடித்தால் எதிரொளிப்புக்குரிய கோணம் கெட்டு ஒளி வெளியே கசியும். ஆகவே அலமாரிக்குப் பின்னாலோ கதவிடுக்கிலோ இழையை நசுக்கக் கூடாது. ஒரே இழையின் ஒளி பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்து அளிக்கப்படுகிறது. 32ஆகப் பிரித்தாலே 15 டெசிபல் குறைந்துவிடும். இணைப்புக் கொடுக்க வருபவரிடம் வீட்டுக்கு வரும் ஒளியின் அளவைக் கருவியில் காட்டச் சொல்ல வேண்டும். கழித்தல் 20 என்று காட்டினால் ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு ஒளி வருகிறது என்று பொருள். அது நல்ல அளவு. கழித்தல் 27ஐ நெருங்கினால் இன்று ஓடும் இணைப்பு நாளை மழையில் தடுமாறும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது, இரத்த அழுத்தத்தைக் குறித்து வைப்பது போன்ற நல்ல பழக்கம்.

வேலை செய்யும் கணினிக்கு வைஃபையை நம்புவதைவிட ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கம்பியை நேரே இழுப்பது மேல். 100 மீட்டர் வரை அது தொய்வின்றிச் செய்தியைக் கடத்தும், விலையும் மிகுதியன்று. வைஃபைதான் வழி என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கும் ஆற்றல் குறைந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு செல்லும், ஆனால் அக்கம்பக்கத்து அலைகளோடு நெரிசல்படும் என்பதை அறிந்து ரவுட்டருக்கு இடம் தேட வேண்டும்.

மின்சாரத்துக்கு வழி செய்வது எல்லாவற்றினும் முக்கியம். ரவுட்டர் பெட்டிக்குத் தேவைப்படுவது சுமார் 12 வாட் மட்டுமே. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய மின்கலத்தில் 84 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. கணக்குப்படி 7 மணி நேரம். இழப்புகளைக் கழித்தாலும் நான்கைந்து மணி நேரம் தாங்கும். மடிக்கணினியும் இருந்துவிட்டால், இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லாத வீட்டிலும் மின்தடையில் பணி தொடரலாம். இதனோடு, கம்பி அறுந்தால் கைகொடுக்க வேறொரு நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பேசி ஒன்றே போதாதா என்பாருக்கு ஒரு சொல். கோபுரத்தின் அலையை ஊரே பங்கிட்டுக்கொள்கிறது. மாலையில் எல்லோரும் அதைப் பயன்படுத்தும்போது வேகம் சரிகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் நம் மாவட்டத்தை அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஆழ்த்தியபோதும் மின்சாரம் போனதோடு கைப்பேசிகளும் ஊமையாயின. ஆதலால் அது துணைக்கு ஆகும், தூணாக ஆகாது.

இறுதியாக, இரகசியம் காத்தல். நோயாளியின் குறிப்பு அவருடைய மானத்தோடு தொடர்புடையது. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், பக்கத்து வீட்டுக்கு அதைப் பகிராமல் இருப்பதும், திரை பிறர் கண்ணில் படாதவாறு அமர்வதும் கடமைகள். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளையே இணையக் கொள்ளையர் முடக்கினர். அவ்வளவு பெரிய கோட்டைக்கே அந்த நிலை என்றால் நம் குடிசைக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா?

பொறுப்பு யாருடையது?

மேற்சொன்னவற்றை எல்லாம் வீட்டாரே செய்ய வேண்டும் என்று கூறி நிறுத்திக்கொண்டால் அது அரைகுறை நியாயமாகும். அலுவலகத்தில் மேசை, நாற்காலி, மின்சாரம், இணைப்பு அனைத்தும் முதலாளியின் செலவு. வேலை வீட்டுக்கு வந்தவுடன் அவை மட்டும் தொழிலாளியின் செலவாவது எப்படி? வீட்டிலிருந்து பணி வாங்கும் நிறுவனம் இணைப்புக்கும் மின்கலத்துக்கும் உரிய தொகையைத் தர வேண்டும். கம்பி அறுந்த நாளைத் தொழிலாளியின் விடுப்பாகக் கணக்கிடக் கூடாது.

இணைப்புத் தரும் நிறுவனங்கள் வேகத்தை விளம்பரம் செய்வதுபோல், பழுது நீக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் ஊர்வாரியாக வெளியிட வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் சேவைத் தர விதிகளைப் புதுப்பித்திருக்கிறது. விதி தில்லியில் இருந்தால் போதாது. எளாவூரில் தெரிய வேண்டும்.

அரசின் பங்கு இவற்றினும் பெரிது. 2011இல் ஒப்புதல் பெற்ற தேசிய ஒளியிழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லத் தனிக் கழகமே அமைக்கப்பட்டது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, அலுவலகப் பூட்டுக்குள் உறங்கினால் தெருவுக்கு என்ன லாபம்? 2023ஆம் ஆண்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் கிராமப்புற வீடுகளுக்கும் இணைப்புத் தருவதை இலக்காகக் கொண்டிருப்பது வரவேற்கத்தக்கது. அண்டை மாநிலமாகிய கேரளம் 2023 ஜூன் மாதம் தன் சொந்த ஒளியிழை வலையைத் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்னும் குறிக்கோளை அறிவித்தது. இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று அம்மாநில உயர்நீதிமன்றம் 2019லேயே தீர்ப்பளித்தது. நாமும் அவ்வழியில் சிந்திக்கத் தடையென்ன?

குடிநீரும் சாலையும் முழுமையாக வராத ஊருக்கு இழை எதற்கு என்று கேட்போர் இருக்கின்றனர். கிராமத்துக்கு மின்சாரம் வந்த காலத்திலும் விளக்கெரிக்கத்தானே என்று எண்ணியவர்கள் உண்டு. அதே மின்சாரம் பம்புசெட்டை இயக்கித் தமிழ்நாட்டு வயல்களை நனைத்தது. ஒன்று வரும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டும் என்பது ஏழைக்கு மட்டும் சொல்லப்படும் நியாயம். தொழிற்சாலைக்கு எல்லாம் ஒரே நாளில் வருகின்றன.

நம்மால் ஆவது

அரசும் நிறுவனங்களும் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கோயில் குளம் தூர்வாருகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, தெருத்தெருவாக இறக்கு வேகம், ஏற்று வேகம், ஒரு மாதத்தில் இணைப்பு அறுந்த நாட்கள், பழுது நீக்க எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றை அளந்து பட்டியலிடலாம். அதனை ஊராட்சி மன்றத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்கலாம். குறை கூறுவோர் பலர். அளந்து கூறுவோர் சிலரே. அளந்து கூறும் சொல்லுக்கு வலிமை அதிகம் என்பதை அறிவியல் மாணவர்களாகிய நாம் அறிவோம்.

இன்னொரு வேண்டுகோள் நம் பேராசிரியப் பெருமக்களுக்கு. ஒளியியல் பாடத்தோடு இழையை வெட்டி ஒட்டும் பயிற்சியும், ஒளியின் அளவைக் காணும் பயிற்சியும் நம் ஆய்வகத்தில் ஒரு வாரமேனும் அளிக்க வேண்டும். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் பொருள் என்ன என்று சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்துவிட்டால், தேனி கற்பித்த பாடம் திருவள்ளூரிலும் பலிக்கும். அது நம்மில் சிலருக்கு ஒரு தொழிலாகவும் அமையும்.

இழை அறுந்தால் நிறுவனத்துக்கு ஒரு புகார் எண் கூடும், அவ்வளவே. நோயாளிக்கோ மருந்து தாமதமாகிறது. உழைப்பாளிக்கோ ஒரு நாள் ஊதியம் போகிறது. இழப்பைச் சுமப்பவர் ஒருவர், பொறுப்பை உடையவர் வேறொருவர் என்னும் இந்நிலை மாற வேண்டும். அதற்கான முதல் அளவீட்டை வரும் முகாமிலேயே தொடங்குவோமாக!